தெருவுக்கு ஒரு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்ச குடும்பப் பெண். கொரோனா காலத்தில் நம்ம ஊராட்சியில் என்னென்ன நடந்தது, அதில் நம்ம குழுக்கள் என்ன செய்தன என்று பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு நம்ம மாநிலத்தில் 144 தடை போட்டாங்க. மறுநாளிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. ஊராட்சியில் பிளீச்சிங் பவுடர் போட்டாங்க, மருந்து தெளிச்சாங்க, கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊத்தினாங்க. தூய்மைக் காவலர்கள் ஒருநாள்கூட வீட்டில் உட்காரலை. அதை நாம மறக்கக் கூடாது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பும் செய்தாங்க. ஆனா அந்த ஆட்டோ மெயின் ரோட்டோட திரும்பிடும். ஏரிக்கரை வீடுகளுக்கு வந்து சேரும்போது சேதி வேற மாதிரி ஆகியிருக்கும்.

ஏப்ரல் மாதம் அரிசி கார்டுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தாங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு வரணும்னு டோக்கனில் எழுதியிருந்தது. ஆனா யாரோ ஒருத்தர் "இன்னைக்கு விட்டா கிடைக்காது"ன்னு கிளப்பிவிட, ரேஷன் கடையில் ஒரே கூட்டம். இடைவெளி விட்டு நிக்கணும்னு சொன்ன இடத்தில் நெருக்கியடிச்சு நின்னோம்.

அன்னைக்குத்தான் எங்க குழு ஊக்குநர் அக்கா, "தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுவோம்"னு சொன்னாங்க. ஒரு உறுப்பினருக்குப் பத்து வீடு. தனியா இருக்கிறவங்க யார், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுறவங்க யார், யார் வீட்டில் மாசமா இருக்காங்க, யாருக்குக் கார்டு இல்லை — இவ்வளவுதான் அதில் எழுதினோம். காலையில் ஊராட்சி அலுவலகத்திலும் நர்சம்மாவிடமும் கேட்டு, சாயங்காலத்துக்குள் வாசலில் நின்னபடியே பத்து வீட்டுக்கும் சரியான சேதியைச் சொல்லிடணும். கார்டு இல்லாதவங்க பெயரைத் தலைவரிடம் கொடுத்தோம்.

ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூணு மாதம் 500 ரூபாய் போட்டாங்க. கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து, இன்னின்ன தேதிக்குத்தான் எடுக்க வரணும்னு அறிவிப்பு. பஸ் இல்லாத நேரம். பாஸ்புக்கைப் பார்த்து அவங்கவங்க தேதியைச் சொன்னதால் பலருக்கு வெயிலில் வீண் நடை மிச்சமானது.

கடன் விஷயம்தான் ரொம்பப் பேரைக் குழப்பியது. 2020 மார்ச் முதல் மூணு மாதத் தவணையைத் தள்ளி வைக்கலாம்னு ரிசர்வ் வங்கி சொன்னது. பிறகு ஆகஸ்ட் வரை நீட்டினாங்க. சில பேர் கடனே போச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க. இன்னொரு பக்கம், ஒரு தனியார் நிதி நிறுவனத்து ஆள் வாசலில் வந்து, "இந்த வாரமே கட்டணும்"னு குரலை உயர்த்தினார். கூட்டமைப்பில் பேசி, இரண்டு தரப்புக்கும் விளக்கினோம். இது தள்ளிவைப்பு, தள்ளுபடி இல்லை. வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். கையில் இருப்பவர் கட்டினால் நல்லது. இல்லாதவரை மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. அதோடு நம்ம குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்ததால், நிறைய வீடுகளில் தோடு அடகுக்குப் போகலை.

2021 மே மாதம் வந்த இரண்டாவது அலை அப்படி இல்லை. மே 10 முதல் முழு ஊரடங்கு. நிவாரணமாக 2000, 2000 என்று இரண்டு தவணையில் 4000 ரூபாயும், ஜூன் மாதம் 14 மளிகைப் பொருளும் வந்தது. ஆனா சாவு நம்ம தெருவுக்குள்ளேயே வந்துருச்சு. ஏரிக்கரையில் தனியா இருந்த ஒரு அப்பாயி இரண்டு நாளா கதவு திறக்கலை. அந்தப் பத்து வீட்டைப் பார்க்கும் தங்கச்சி போய்க் கூப்பிட்டா, காய்ச்சலில் முனகல்தான் கேட்டது. நர்சம்மா விரலில் கருவி மாட்டிப் பார்த்து, உடனே 108-ஐ வரவழைச்சாங்க. அப்பாயி பிழைச்சு வந்து, இன்னைக்கு அதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. ஆனா எங்க குழுவிலேயே ஒரு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரலை. நோட்டில் அவங்க பெயரை அடிக்க எங்க யாருக்கும் கை வரலை. அப்படியேதான் இருக்கு.

தடுப்பூசிக்கும் முதலில் பயந்தோம். எங்க குழுப் பெண்கள் முதலில் போட்டுக்கிட்டு, மறுநாள் தெருவில் நடந்து காட்டினோம். கோவிஷீல்டு போட்டால் 84 நாள், கோவாக்சின் போட்டால் 28 நாள். இரண்டாவது ஊசி எந்தத் தேதின்னு அதே நோட்டில் எழுதி, நாள் வந்ததும் ஞாபகப்படுத்தினோம். செப்டம்பர் 12-ந் தேதி மெகா முகாம் அன்னைக்கு யார் வீட்டுக்குப் போகணும்னு எங்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் அரிசி கொடுத்தது, பணம் கொடுத்தது, ஊசி கொடுத்தது. அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர, அந்த வீட்டில் யார் இருக்காங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர் நாமதான்.

இப்போ நிறையத் தெருவில் அந்த நோட்டு பரண் மேல கிடக்கு. அதை எடுங்க. மூணு மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தில் புதுசா எழுதுங்க. நாளைக்கு டெங்கு வரலாம், புயல் வரலாம். முதியோர் பென்ஷன் வராத ஒரு ஆயாவுக்கு மனு எழுதவும் அது உதவும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊக்குநரும் தங்கள் தெரு நோட்டோடு வரணும்னு கேட்டுக்கிறேன்.