கன்று வாங்கிய குழு

அமெரிக்கக் காற்பந்து நாம் திடலில் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். அங்கே கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை ஆண்டுதோறும் குழுக்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய குழுவுக்கே முதல் முறை. அந்த முறையைப் பிறருக்குக் கைமாற்றவும் செய்யலாம். நம் கவனத்துக்குரியது அந்தக் கைமாற்றந்தான்.

1989 அக்டோபரில் டல்லஸ் கவ்பாய்ஸ் குழு தோல்விமேல் தோல்வி கண்டு கிடந்தது. பெயர் சொல்லும்படி இருந்தவர் ஹெர்ஷல் வாக்கர். அவரையே மின்னசோட்டா வைக்கிங்ஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டார் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன். பால் வெட்டும் மரத்தைக் கொடுத்துக் கன்று வாங்குகிறாரே என்று பலரும் நகைத்தார்கள்.

மின்னசோட்டா ஐந்து ஆட்டக்காரர்களையும் சில தேர்வு முறைகளையும் தந்தது. சூட்சுமம் ஒப்பந்தத்தில் இருந்தது: குறித்த நாளுக்குள் அந்த ஆட்டக்காரர்களை விலக்கினால், ஈடாக மேலும் முறைகள் டல்லஸுக்கு வரும். தேர்ந்த ஆட்டக்காரர்களை யார் விலக்குவார் என்று மின்னசோட்டா எண்ணியது போலும். ஜான்சன் குறிவைத்ததோ அந்த முறைகளைத்தான்.

அவ்வாண்டு டல்லஸ் 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. பொறுத்தார்கள். 1990இல், கிடைத்த முறையொன்றைக் கொடுத்து வரிசையில் முன்னே நகர்ந்து எம்மிட் ஸ்மித்தை எடுத்தார்கள். 1993, 1994, 1996ஆம் ஆண்டுகளில் சூப்பர் பவுல் கோப்பை டல்லஸுக்கு வந்தது. வாக்கரோ 1991 ஆட்டக்காலத்தோடு மின்னசோட்டாவை விட்டுப் போய்விட்டார்.