கடன் கிடைத்தவருக்குத்தான் மானியமா?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, சூளை வைத்திருப்பவர்களே, மாவு மில் நடத்துபவர்களே, ஒரு தையல் மிஷினை நம்பிக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

அரசு மானியம் என்பது பாகூருக்குப் புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், அப்போது வாகூர் எனப்பட்ட பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்தார்கள். செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். பாகூர்ச் செப்பேடுகள் என்று வரலாற்று மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். முதலில் ஒரு கடன் வாங்கி வாருங்கள், கடன் தேறினால் கிராமத்தைத் தருகிறோம் என்று எந்த நிபந்தனையும் அதில் இல்லை. சொத்துப் பத்திரத்தின் ஜெராக்ஸும் கேட்கவில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டங்களுக்கு பிஎம்இஜிபி, பிஎம்எஃப்எம்இ, விஸ்வகர்மா, முத்ரா என்று பலகைக்குப் பலகை பெயர் மாறுகிறது. போகிற வழி ஒன்றுதான். அது வங்கி மேலாளரின் மேஜை வழியாகப் போகிறது. இதில் முத்ராவில் மானியமே கிடையாது, அது வெறும் கடன். 2015-ல் தொடங்கிய நாளிலிருந்து இதை மக்களுக்கு அழுத்திச் சொன்னவர்கள் குறைவு. அதனால்தான் "முத்ரா மானியம் எப்போ சார் வரும்?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

பிஎம்இஜிபி கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 2008-ல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் இது. பாகூர் பக்கம் குருவிநத்தத்தில் ஒரு பெண் மிளகாய், மல்லி அரைத்துப் பொட்டலம் போடும் தொழிலை 10 லட்ச ரூபாயில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராமம், அதோடு பெண் என்பதால் 35 சதவீதம் மானியம், அதாவது மூன்றரை லட்சம். கைப்பணம் 5 சதவீதம், 50,000 ரூபாய். கைப்பணம் போக மிச்சம் ஒன்பதரை லட்சத்தை முதலில் வங்கி தர வேண்டும். கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்றரை லட்சம் அவர் கைக்கு வருவதே இல்லை. அவர் கடன் வாங்கிய வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். தொழில் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதுவரை அந்த மூன்றரை லட்சம் அளவுக்கான கடனுக்கு வட்டி போடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூட்டும் நியாயமான பூட்டுதான். மானியம் வந்த மறுநாளே ஷட்டரை இழுத்து மூடிய புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

பூட்டில் குறையில்லை. அந்தப் பெண் கட்ட வேண்டிய டியூவைப் பாருங்கள். மானியம் போக 6 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 13,000 ரூபாய். மில் போட இடம் வேண்டுமே, அந்த நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆக, நிலம் உள்ளவர், கையில் 50,000 வைத்திருப்பவர், வங்கி நம்புகிறவர் ஆகிய மூன்று பேரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இந்த 35 சதவீதம். அப்படிப்பட்ட ஒருவரைக் குருவிநத்தத்தில் தேடிப் பாருங்கள். கிடைப்பார். ஆனால் இந்த மானியம் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளக்கூடியவராக இருப்பார்.

இன்னொரு விதி இதைவிட வேடிக்கை. பிஎம்இஜிபி புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடன் என்று ஒன்று உண்டு. அதுவும் ஏற்கெனவே பிஎம்இஜிபி, முத்ரா போன்றவற்றில் கடன் வாங்கியவருக்கே. தாத்தா காலத்திலிருந்து யாரிடமும் கை நீட்டாமல் சூளை போட்டு வந்த குடும்பத்துக்கு இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது. இத்தனை நாள் அரசிடம் கேட்காமல் பிழைத்ததுதான் அவர்கள் செய்த தவறு போலும்! உணவுத் தொழிலுக்கு 2020-ல் வந்த பிஎம்எஃப்எம்இ பரவாயில்லை, ஏற்கெனவே நடக்கும் தொழிலையும் அது சேர்த்துக்கொள்கிறது, 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். அப்பளம் போடுகிறவருக்கு உள்ள அந்த உரிமை, மண் பிசைகிறவருக்கு ஏன் இல்லை?

மண்ணைப் பற்றிப் பேச வில்லியனூரை விடப் பொருத்தமான ஊர் எது? வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்த மண்ணின் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதுக்கும் குறியீட்டுக்கும் குறைவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குள் பணம் எப்படி வந்துபோகிறது என்று ஒரு வருடக் கணக்கை எந்தத் திட்டக்காரராவது உட்கார்ந்து போட்டுப் பார்த்தாரா?

பங்குனி, சித்திரை வெயிலில்தான் பச்சை மண் நன்றாகக் காயும். அப்போதுதான் கையும் காலும் ஓயாமல் ஓடும். விறகு வாங்க வேண்டும், மண் வண்டிக்குக் கொடுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். பணம் போய்க்கொண்டே இருக்கும், வராது. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொஞ்சம் விற்கும். புரட்டாசியில் கொலு பொம்மை. பிறகு கார்த்திகை அகல். அந்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை கொட்டும். சூளை எரியாது, காயவைத்த விளக்கு மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சுடாத விளக்கில் தண்ணீர் பட்டால் மறுபடியும் சேறுதான். ஆக, வருமானம் வருவது நாலு மாதம். வங்கி டியூ கேட்பது பன்னிரண்டு மாதம். மாசியில் ஒரு டியூ, பங்குனியில் ஒரு டியூ தவறினால் சிபில் மதிப்பெண் விழும். அடுத்த முறை போனால் "உங்க ஸ்கோர் சரியில்லையே" என்பார்கள். பயிருக்குக் கடன் கொடுக்கும்போது அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்த வங்கிக்கு, அகல் விளக்குக்கும் அறுவடை மாதம் உண்டு என்று தெரியாதா? இதற்கு ஒரு பைசா மானியம் வேண்டாம். தவணைத் தேதியை மாற்றினால் போதும்.

2023 செப்டம்பரில் பிஎம் விஸ்வகர்மா வந்தது. குயவர், தச்சர், கொல்லர், தையல்காரர் என்று 18 தொழில்கள். பயிற்சிக்கு நாளைக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம். நல்லது. விண்ணப்பம் போட்டவர் உண்மையிலேயே அந்தத் தொழில் செய்கிறவரா என்று முதலில் சரிபார்க்க வேண்டியது யார்? கிராமப் பஞ்சாயத்து. அடுத்துதான் மாவட்டம், அதற்கு மேல் தேர்வுக் குழு.

நம் பஞ்சாயத்துத் தலைவர் எங்கே, தோழர்களே?

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமே தேர்தல் நடத்தச் சொன்னது. 2021-ல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றுபோனது. ஊரில் யார் வீட்டில் சக்கரம் சுற்றுகிறது, யார் வீட்டில் சுற்றாத சக்கரம் போட்டோவுக்காக நிற்கிறது என்று வார்டு உறுப்பினருக்குத் தெரியும். மாற்றலாகி வந்து மாற்றலாகிப் போகிற ஆணையருக்கு எப்படித் தெரியும்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். தெருவில் நிறுத்தி "என் மனு என்னாச்சு?" என்று கேட்க, நாம் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆள் ஒருவர் கொம்யூன் ஆபீசில் இல்லை. வில்லியனூர் தேரை இழுக்க ஆளுநர் வரை வருகிறார்கள், கொம்யூனை இழுக்கத்தான் ஆளில்லை.

பாகூரின் தெற்கே தென்பெண்ணை. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே தமிழ்நாடு அரசு 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். அதோடு 5 சதவீத வட்டி மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்க அண்ணல் அம்பேத்கர் பெயரில் 2023 முதல் 35 சதவீத முதலீட்டு மானியம், ஒன்றரைக் கோடி வரை. அங்கேயும் வங்கி உண்டு, அலைச்சல் உண்டு, எல்லாம் தேனும் பாலும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அக்கரையில் உளி பிடிக்கும் தச்சருக்கும் இக்கரையில் உளி பிடிக்கும் தச்சருக்கும் மரம் ஒரே விலை. விஸ்வகர்மாவில் வட்டி குறைகிறது, முதல் குறைவதில்லை. அக்கரைத் திட்டத்தில் முதலே குறைகிறது. புதுச்சேரி அரசு தன் பட்ஜெட்டில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்பது பிச்சையாகுமா?

கொரோனா காலத்தை மறந்துவிட முடியாது. அமெரிக்காவில் 2020-ல் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஆட்களை வேலையை விட்டு நிறுத்தாமல் சம்பளம் கொடுத்த சிறு நிறுவனத்துக்கு அந்தக் கடனே தள்ளுபடி. அதிலும் மோசடி நடந்தது, பெரிய புள்ளிகள் புகுந்தார்கள். இருந்தாலும் பணம் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டு நம் நாட்டில் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. 3 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். யாருக்கு? 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் ஏற்கெனவே கடன் நிலுவை வைத்திருந்தவருக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம். கடனே வாங்காமல் தொழில் செய்தவருக்குப் பூஜ்யத்தில் 20 சதவீதம். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரல் 30-ஆம் தேதிதான் புதுச்சேரியின் ஏஎஃப்டி பஞ்சாலையையும் இழுத்து மூடினார்கள். மில் கேட் மூடினால் ஆள் எங்கே போவார்? சொந்தமாக ஏதாவது செய்யத்தான் போவார். அப்படி வருகிறவரிடம்தான் "ஏற்கெனவே கடன் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

வங்கிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். கொடுப்பது டெபாசிட் போட்டவர் பணம், திரும்பி வராவிட்டால் எங்கள் தலையில் விழும் என்பார்கள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த பயத்துக்காகவே 2000-ல் ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளையை மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து உண்டாக்கின. கடன் வராமல் போனால் இழப்பில் பெரும் பங்கை அது ஏற்றுக்கொள்ளும். குறுந்தொழில், சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் "வீட்டுப் பத்திரம் இருக்கா, ஜாமீனுக்கு கவர்ன்மென்ட் ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் அந்தக் கேள்வி விதிக்கு விரோதம். கேட்டவர் நல்ல மனிதராக இருந்தாலும் விதிக்கு விரோதம்தான்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். வருடக் கணக்கில் முள் முளைத்துக் கிடந்தது. அங்கே எந்தப் பெரிய கம்பெனி வந்தாலும் வரட்டும். அதில் ஒரு மூலையை உள்ளூர்க்காரருக்குச் சின்னச் சின்னக் கொட்டகைகளாகக் கட்டி வாடகைக்கு விட்டால், குருவிநத்தத்துப் பெண்ணுக்கு இல்லாத அந்த நிலம் கிடைத்துவிடும். பிஎம்இஜிபியில் நிலத்தின் விலைக்குத்தான் தடை, கொட்டகை வாடகையை மூன்று வருடம் வரை திட்டச் செலவில் சேர்க்கலாம்.

வர வேண்டிய பணத்தைக் கேட்கவும் நாம் கூச்சப்படுகிறோம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டவர் எவ்வளவு பெரிய ஓட்டலானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கு கொடுப்பதற்கு முன்பே அரசின் உத்யம் தொழில் பதிவு இருந்தால் இந்த உரிமை உறுதியாகக் கையில் நிற்கும். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பிரவுசிங் சென்டரில் 500, 1,000 என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாதமும் யார் எந்தத் திட்டத்துக்கு மனு கொடுத்தார், எந்த வங்கிக்குப் போனது, என்ன ஆனது என்ற பட்டியலை வில்லியனூர், பாகூர் கொம்யூன் அலுவலக வாசலில் ஒட்டுங்கள். ரகசியம் கெடும் என்றால் பெயரை விட்டு மனு எண்ணைப் போடுங்கள்.

உங்களிடம் கேட்பதும் உண்டு. வங்கியில் விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். "பார்க்கலாம், அப்புறம் வாங்க" என்ற வாய்ப்பேச்சு பதிலாகாது. கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, எழுதி வாங்குங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதங்களை ஊர்வாரியாக ஒன்று சேர்ப்போம். பத்துக் கடிதம் சேர்ந்தால் அது புகார், நூறு சேர்ந்தால் சட்டமன்றத்தில் கேள்வி.

மேடைக்குப் பக்கத்து மேஜையில் இரண்டு மனுக்கள் இருக்கின்றன. ஒன்று, தவணையைத் தொழிலின் பருவத்தைப் பார்த்து வைக்கச் சொல்லி வங்கியாளர் குழுவுக்கு. மற்றது, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலை உடனே நடத்தச் சொல்லி அரசுக்கு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கையெழுத்துக்குக் கீழே என்ன தொழில் என்றும் எழுதுங்கள்.