குதிரைக்கு எண்ணெய்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படிச்சவன் குதிரையைப் பத்திப் பேச வந்துட்டானேன்னு பார்க்காதீங்க. நான் வேலை பார்ப்பது தவிட்டு எண்ணெய் ஆலையில். சவாரிக் குதிரை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கேட்டில் வந்து தவிடு கேட்பார். "ரோமம் மங்கிப்போனா குழந்தைங்க ஏற மாட்டேங்குது சார்" என்பார். அவருக்கு அந்தப் பளபளப்புதான் சோறு.

அவர் வாங்கிப்போனதோ எண்ணெய் எடுத்த தவிடு! அதில் மிஞ்சும் கொழுப்பு சுமார் 1 சதவீதம். எண்ணெய் எடுக்காத நல்ல தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் உண்டு. ஆனால் நெல்லைத் தீட்டிய சில மணி நேரத்திலேயே லைப்பேஸ் என்ற நொதி வேலையைக் காட்டிவிடும், தவிடு காறிப்போகும். உடனே சூடேற்றி அந்த நொதியை முடக்கணும். அதைச் செய்யும் எக்ஸ்ட்ரூடர்தான் என் பிழைப்பு.

சரி, நல்ல தவிட்டையே அள்ளிப் போடலாமா? கூடாது. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, தாடை வீங்கிவிடும். இதற்கு ஆங்கிலேயர் வைத்த பழைய பெயர்களில் ஒன்று 'மில்காரர் நோய்'. நம்ம ஜாதி! மில் குதிரைகள்தான் தவிட்டையே தின்று வளர்ந்தன.

எண்ணெயாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கொழுப்பு செரிக்கும், ஆனால் பழக்கணும். 50 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் 100 மில்லிக்குக் கொண்டுபோனால் ரோமத்துக்குப் போதும். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

தவிட்டு எண்ணெயில் ஒமேகா-6 அதிகம். பச்சைப் புல்லிலும் ஆளி விதையிலும் இருப்பது ஒமேகா-3. பூச்சிக்கடி அலர்ஜி உள்ள குதிரைகளுக்கு ஆளி விதை கொடுத்துக் கனடாவில் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. தோல் சோதனையில் தடிப்பு குறைந்தது. இருந்தவை ஆறே குதிரைகள். அதை வைத்து டப்பா டப்பாவாக விற்பது எனக்கு ஒப்பவில்லை.

அவரிடம் நான் சொன்னது: முதலில் குடற்புழு மருந்து, பேன் இருக்கான்னு பார்ப்பது, தினம் பிரஷ், பச்சைப் புல். அப்புறம்தான் எண்ணெய்.

கடைசி வருட மாணவர்களே, சின்ன ரைஸ் மில்லுக்கு ஏற்ற, விலை குறைந்த தவிடு சூடேற்றும் கருவி ஒன்றை ப்ராஜெக்டாக எடுப்பீர்களா? எடுத்தால் எங்கள் ஆலைக்கு வாங்க, மிஷினைக் கழற்றியே காட்டுகிறேன்.