சைரந்திரியின் வழக்கு



இன்று நான் பேச வேண்டுமென்று ஏற்பாடு செய்திருக்கும் விஷயம், குஜராத்திக் கவிதையில் திரௌபதி என்பதாகும். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு தோழர் என்னிடம் வந்து, "நாம் இத்தனை வருஷமாய்ப் புராணக் குப்பையை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் வடக்கேயிருந்து இன்னொரு கூடை கொண்டுவருகிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வியேயாகும். ஆகையால் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் மேலே போக வேண்டும்.

ஒரு பங்காளி வழக்கை நினைத்துப் பாருங்கள். எதிரி ஒரு பத்திரத்தைக் காட்டி, "இதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, இது என் பாட்டன் காலத்துப் பத்திரம்" என்று சாதிக்கிறான். நாம் பொய்ப்பத்திரம் என்கிறோம். ஊரார் நம்மைத் துஷ்டர்கள் என்கிறார்கள். இப்படியிருக்கையில், அந்த எதிரியின் வீட்டுப் பிள்ளையே ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பத்திரத்தைத் திருத்தி எழுத ஆரம்பித்தால் அதற்கு என்ன அர்த்தம்? தப்பில்லாத பத்திரத்தை ஒருவன் ஏன் திருத்துவான்? அந்தத் திருத்தமே நமக்குச் சாட்சியல்லவா?

இதிகாசத்துப் பெண்களை இக்காலக் கவிஞர்கள் திரும்பத் திரும்ப எழுதுவதும் இப்படிப்பட்ட சாட்சிதான். அவர்களில் பலர் நாஸ்திகர்களுமல்ல, நம் இயக்கத்தாருமல்ல. ஆனாலும் அவர்களுடைய மனம் பழைய கதையில் நிம்மதியடையவில்லை. அந்தச் சாட்சியை நாம் விசாரிக்காமல் விடலாமா?

நிற்க. குஜராத் என்றால் நம்மில் பலருக்குக் காந்தியாரும் சேட்டுக் கடைகளும் மாத்திரமே நினைவுக்கு வரும். அங்கேயும் நம்முடைய வேலையைச் செய்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். கர்சன்தாஸ் மூல்ஜி என்பவர் தமது சத்யபிரகாஷ் பத்திரிகையில், மகாராஜ்கள் என்னும் வல்லபாசாரி மதக் குருமார்கள் பக்தர் வீட்டுப் பெண்களிடம் நடந்துகொண்ட ஒழுக்கக்கேட்டை 1860-ல் வெட்டவெளிச்சமாய் எழுதினார். குரு மானநஷ்ட வழக்குப் போட்டார். 1862-ல் பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் விசாரணை நடந்து, எழுதினது உண்மையென்று கர்சன்தாஸே ஜெயித்தார். 1833 முதல் 1886 வரை வாழ்ந்த கவி நர்மத், 1864-ல் தாண்டியோ என்ற பத்திரிகையை நடத்தி மூடப்பழக்கங்களைக் கண்டித்ததுடன், விதவா விவாகத்துக்காக வாதாடித் தாமும் ஒரு விதவையை மணந்துகொண்டார். ஆகவே அந்தப் பாஷையும் நம்மைப்போல் வாதாடிப் பழகிய பாஷைதான்.

அந்நாட்டில் புராணத்தை ஜனங்களுக்குக் கொண்டுபோனவர்கள் மாண்பட்டர்கள் எனப்படும் கதை சொல்லுகிறவர்கள். விரல்களில் மோதிரங்களை மாட்டிக்கொண்டு செப்புக் குடத்தைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பரோடாவிலிருந்த பிரேமானந்தர் இந்த வித்தையில் பேர்போனவர். நம் ஊரில் உடுக்கையும் மிருதங்கமும் செய்த வேலையை அங்கே குடம் செய்தது. இரண்டிலும் கதை ஒன்றே. கேட்டு அழுத பெண்களும் ஒரே மாதிரியானவர்களே.

புதுக்காலத்துக் கவிஞர்களில் முதலில் சொல்லத்தக்கவர் காந்த் என்ற புனைபெயருடைய மணிசங்கர் பட் (1867-1923). பழைய கதையில் ஒரே ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொண்டு மனித உள்ளத்தைக் காட்டும் கண்டகாவியம் என்ற முறையைக் குஜராத்திக்குக் கொண்டுவந்தவர் அவரே. இவர் கிறிஸ்து மதத்தைத் தழுவியதற்காகச் சொந்த ஜனங்களாலேயே ஒதுக்கப்பட்டவர் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய "அதிஞானம்" என்ற பாட்டில், வரப்போவதையெல்லாம் அறிந்த சகாதேவன், சூதாட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கும் சமயத்தில், தெரிந்தும் சொல்ல முடியாமல் தவிக்கிறான். அருமையான பாட்டுதான். ஆனால் தவிப்பு யாருடையது? ஆணுடையது. சபையில் இழுத்து நிறுத்தப்படப் போகிறவள் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய கதி அவளுக்கே சொல்லப்படவில்லை.

அவருக்குப் பின் உமாசங்கர் ஜோஷி (1911-1988) வந்தார். இவர் 1944-ல் வெளியிட்ட "பிராசீனா" என்ற நூலில் பாரதத்து ஆட்களை எதிரெதிரே நிறுத்திப் பேச வைத்தார். காந்தாரிக்கும் அதில் இடமுண்டு. அவரே பின்னர், 1965-ல் வந்த "மகாபிரஸ்தானம்" என்ற நூலில் மந்தரையைப் பற்றியும் எழுதினார். மந்தரை யார்? எல்லாப் பழியும் சுமத்தப்பட்ட கூனி, வேலைக்காரி. ராஜாக்கள் செய்த கோளாறுக்கெல்லாம் ஒரு வேலைக்காரியின் முதுகு அகப்பட்டது! அவளையும் ஒரு மனுஷியாகக் கருதிக் கவிதை எழுத ஒரு கவிஞருக்குத் தோன்றிற்றென்றால், காலம் மாறுகிறது என்று அர்த்தம்.

பிறகு நம் காலத்தில் வினோத் ஜோஷி என்பவர். 1955-ல் பிறந்த இவர், நாட்டுப்பாடல் சாயலில் பெண்ணின் குரலிலேயே பாட்டுகள் எழுதிப் பெயர் பெற்றவர். 1985-ல் சிகண்டியைப் பற்றி எழுதினார். 2018-ல் "சைரந்திரி" என்ற நீண்ட காவியத்தை வெளியிட்டார். அதற்கு 2023-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. புத்தம்புது விஷயத்துக்கு இவர் எடுத்துக்கொண்ட சந்தமோ சௌபாயி, தோகா என்ற பழைய சந்தங்கள். அதாவது எந்தத் தாளத்தில் பக்தி ஊட்டப்பட்டதோ, அந்தத் தாளத்திலேயே ஒரு பெண்ணின் உள்மனம் பேச வைக்கப்படுகிறது.

அவர் திரௌபதியின் சுயம்வரத்தை எடுக்கவில்லை. அஞ்ஞாதவாசத்தை எடுத்தார். ராணி என்ற பெயர் போய், ஐந்து பேரின் மனைவி என்ற பெயரும் போய், விராடன் அரண்மனையில் தலைவாரிப் பூச்சூட்டும் வேலைக்காரியாக ஒரு வருஷம் இருந்த திரௌபதி. பெயரெல்லாம் போன பின் மீதியிருக்கும் அந்தப் பெண் யார் என்பதே கேள்வி. இது மிகவும் சரியான கேள்வி. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாமே மூலக்கதைக்குப் போய் விசாரணை செய்து பார்ப்போம். திரௌபதி என்று ஒருத்தி இருந்தாளென்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதினவர்களின் யோக்கியதை எழுத்திலிருக்கிறது.

விராட பருவத்திலுள்ளபடியே சொல்லுகிறேன். வேலைக்குச் சேரும்போதே, எச்சில் சோறு தின்னமாட்டேன், யார் காலையும் கழுவமாட்டேன் என்ற நிபந்தனையுடன் சேருகிறாள். தோழர்களே! இது ஒரு கூலிக்காரியின் சுயமரியாதை. ராணி சுதேஷ்ணையும் ஒப்புக்கொள்ளுகிறாள்.

பிறகு ராணியின் உடன்பிறந்தவனும் சேனாதிபதியுமான கீசகன் அவள்மேல் கண் வைக்கிறான். அவள் மறுக்கிறாள். அவனுடைய வேண்டுகோளுக்கு இணங்கி, அவன் வீட்டிலிருந்து கள் வாங்கி வரும்படி ராணியே அவளை அனுப்புகிறாள். போகமாட்டேனென்று கெஞ்சியும் அனுப்புகிறாள். அங்கே அவன் கையைப் பிடிக்கிறான். அவள் உதறிக்கொண்டு ராஜசபைக்கு ஓடுகிறாள். அவன் துரத்திக்கொண்டு வந்து, ராஜா பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவள் தலைமயிரைப் பற்றிக் காலால் உதைக்கிறான்.

அவள் நியாயம் கேட்கிறாள். ராஜா சொன்ன பதில் என்ன தெரியுமா? உங்களுக்குள் நடந்த தகராறு என் கண்ணுக்கு மறைவில் நடந்தது, உண்மை தெரியாமல் நான் எப்படித் தீர்ப்புச் சொல்லுவேன் என்பதாகும்! (சிரிப்பு) உதைத்தது அவன் கண்ணெதிரில் அல்லவா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேஷத்திலிருந்த தர்மபுத்திரரோ, நாடகக்காரியைப்போல் அழுது சபையில் சூதாட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாதே, உள்ளே போ என்கிறார். முன்பு ஒரு சூதாட்டத்தில் அவளை வைத்து இழந்தவர். இப்போது இன்னொரு சூதாட்டத்துக்கு அவள் அழுகை இடைஞ்சல்!

அன்றிரவு அவள் சமையற்கட்டுக்குப் போய்ப் பீமனை எழுப்புகிறாள். அவன் மறுநாள் இரவு கீசகனைக் கொல்லுகிறான். நம் தெருக்கூத்தில் இந்த இடத்தில்தான் ஊரே கைதட்டுகிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமென்று சொல்லப்படுகிறதும் நடராஜ முதலியார் எடுத்த "கீசகவதம்" தான். வதம் ஆனதும் நமக்குத் திருப்தி; பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கீசகனுடைய இனத்தார் நூற்றைந்து பேர் வந்து, "இவளால்தான் அவன் செத்தான், இவளையும் அவனோடு வைத்துக் கொளுத்துவோம்" என்று ராஜாவைக் கேட்கிறார்கள். முன்பு உண்மை தெரியாதென்ற ராஜா, இப்போது விசாரணையே இல்லாமல் உத்தரவு கொடுக்கிறான். அவளைப் பிணத்தோடு கட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போகிறார்கள். பீமன் மறுபடியும் வந்து அவர்களையும் கொன்று அவளை அவிழ்த்துவிடுகிறான். திரும்பி வந்தவளுக்கு ராணி மூலம் ராஜா சொல்லி அனுப்பியது, "உன்னால் எங்களுக்குப் பயமாயிருக்கிறது, வேறெங்காவது போய்விடு" என்பது. வேலை போயிற்று! அவள் பதின்மூன்று நாள் தவணை கேட்டுக்கொள்ளுகிறாள்.

தாய்மார்களே! இதில் எந்த இடம் பழங்கதை? எந்த இடம் நேற்று நடந்தது? எஜமானியின் தம்பி கையைப் பிடித்தான், எஜமானியே அனுப்பிவைத்தாள், பெரியமனிதர் "எனக்குத் தெரியாது" என்றார், உறவுக்காரர் பழியை அவள்மேல் போட்டார்கள், கடைசியில் அவளையே வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இது எந்த ஊரிலும் நடக்கிற கதையல்லவா?

இந்தச் சைரந்திரியை அரசியல்காரரும் விட்டுவைக்கவில்லை. 1907-ல் மராட்டியில் காடில்கர் என்பவர் "கீசகவதம்" நாடகம் எழுதினார். கீசகன் கர்சன் பிரபு என்றும், சைரந்திரி பாரதமாதா என்றும் ஜனங்கள் கண்டுகொண்டார்கள். 1910-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் அதைத் தடைசெய்தது. மிக்க தைரியமான நாடகந்தான், நான் குறைகூறவில்லை. ஆனால் வேலைக்காரியை உதைத்ததற்கு ஜனங்கள் கொதித்தெழ வேண்டுமானால் அவள் முதலில் பாரதமாதாவாக வேண்டியிருந்தது. வெறும் வேலைக்காரியாகவே இருந்தால் கொதிக்கக்கூடாதா?

குஜராத்திக் கவிஞர்களிடத்தில் நான் காணும் லாபம் இதுதான். அவர்கள் அவளை மாதாவாகவும் ஆக்கவில்லை, தீமிதி அம்மனாகவும் ஆக்கவில்லை. உள்ளே மனமுள்ள ஒரு பெண்ணாக ஆக்கினார்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் நம் வேலை அங்கே முடிவதில்லை. கவிஞர் அவளுக்கு மனத்தைக் கொடுக்கலாம். வழக்காடும் உரிமையைக் கொடுக்க வேண்டியது சட்டமும் ஊரும். அவள் துக்கம் எவ்வளவு அழகாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அது விராடன் சபையில் உட்கார்ந்திருப்பதற்கே சமானமாகும்.

சட்டமோ வந்துவிட்டது. ராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற ஒரு கிராமத்து ஊழியப்பெண் 1992-ல் மேல்ஜாதிக்காரரால் பலாத்காரம் செய்யப்பட்டாள். கீழ்க்கோர்ட்டு 1995-ல் அவர்களை அக்குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. இதற்கிடையே, அந்தப் பலாத்காரத்தால் கொதித்தெழுந்த பெண்கள் சங்கங்கள் வழக்காடியதால், 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு வேலைசெய்யும் இடத்துக்கான விதிகளை ஏற்படுத்திற்று. 2013-ல் அது சட்டமாயிற்று. வீட்டுவேலை செய்யும் பெண்ணும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். ஜில்லாவுக்கு ஒரு கமிட்டி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவளுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதும் அவர்கள் கடமை. நம் ஜில்லாவில் அந்தக் கமிட்டி எங்கே இருக்கிறதென்று சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (ஒருவரும் தூக்கவில்லை.) வெட்கப்பட வேண்டாம். இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும் வரையில் எனக்கும் தெரியாது.

ஆகவே முன்வரிசைத் தோழருக்கு நான் சொல்லும் பதில் இது. குப்பையைக் கொட்டுங்கள், ஆனால் கொட்டும் முன் ஒரு தரம் கிளறிப் பாருங்கள். அதற்குள் ஒரு வேலைக்காரியின் மனு விசாரிக்கப்படாமல் கிடக்கிறது. சில கவிஞர்கள் அதை எடுத்துத் தூசி தட்டிப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். விசாரிக்க வேண்டியவர்கள் நாம். அடுத்த தடவை உங்கள் தெருவில் ஒரு பெண் அழுதுகொண்டு ஓடிவந்தால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். அது விராடனுடைய கேள்வி. பீமன் வருவானென்றும் காத்திருக்காதீர்கள். பீமன் வந்தும் அவள் வேலை போகாமலிருந்ததா? அவளோடு கூடப்போய் அந்த மனுவை எழுதிக்கொடுங்கள். அந்தக் கமிட்டியின் விலாசத்தை நாளைக்கே விசாரித்து, நம் சங்கத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி இந்தச் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.