ஆத்தாவும் நாலு அண்டாவும்

நடுவர் அவர்களே! "செட்டிநாட்டு வீட்டை இடிக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க, வீடு பிழைச்சுக்கும்" என்று எதிரணிச் சகோதரி முழங்கிவிட்டுப் போனார். அம்மா, பாரம்பரியக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டம் வந்தாச்சு. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியாச்சு. மழைக்குப் பட்டியல் படிக்கத் தெரியுமா?

எங்க வீடு பாட்டையா கட்டியது. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லு, கையை வைத்தால் வழுக்குகிற சுண்ணாம்புப் பூச்சு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. அந்த ஏற்பாடு அன்றைக்கு அழகு. இன்றைக்கு? இருபத்தெட்டுப் பங்காளி! நாட்டு ஓடு மாற்றக் கையெழுத்துக் கேட்டால் சிங்கப்பூரிலிருந்து போன் வருது: "வித்தா என் பங்குக்கு எவ்வளவு வரும்?" தூணுக்கு விலை பேசுகிற வியாபாரி மட்டும் கூப்பிடாமலே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு)

இடிக்காதே என்பவர்கள் பங்காளிகளை ஒரு இடத்தில் உட்கார வையுங்கள், ஓட்டுக்கும் கொத்தனாருக்கும் பாதிக் காசு கொடுங்கள். அதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

போன ஐப்பசியில் வளவில் நாலு அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள் எங்க ஆத்தா. சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டார்கள்: "சட்டம் போட்டவுக அஞ்சாவது அண்டா வாங்கித் தருவாகளா அப்பச்சி?"