முதல்ல பெயர், அப்புறம் பணம்

ஏற்காட்டில் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க. புத்தகம் போட, ஆல்பம் போட மக்களிடம் பணம் திரட்ட எந்தத் தளம் நல்லதுன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. நான் ஒருமுறை சூடு பட்டவன், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் சொன்ன கதைகளின் தொகுப்பு அது. 300 பிரதிக்கு 75,000 ரூபாய் ஆகும்னு சேலத்து அச்சகத்தில் சொன்னாங்க. நான் சேர்ந்த தளத்தில், வந்த வரைக்கும் எடுத்துக்கலாம்னு விதி. வசதியா இருக்கேன்னு நினைச்சேன். வந்தது 31,000. கட்டணம் போக நின்னது 28,000 சொச்சம். அச்சடிக்கவும் போதாது, முழுசாத் திருப்பிக் கொடுக்கவும் போதாது. நாகலூர் பக்கம் காபி பறிக்கிற ஒரு அக்கா, மகன் போனில் 200 ரூபாய் போட்டிருந்தாங்க. பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் “புக்கு வந்துடுச்சா தம்பி?”ன்னு கேட்பாங்க. கொஞ்ச நாள் அந்த பஸ்ஸில் ஏறுவதையே விட்டுட்டேன்.

அதனால தளத்தின் பெயரைப் பார்க்காதீங்க, இலக்கு எட்டலைன்னா பணம் என்ன ஆகும்னு பாருங்க. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு எட்டினால்தான் கொடுப்பவர் கணக்கிலிருந்து பணமே எடுப்பாங்க. எனக்குப் பிடிச்ச விதி. ஆனா அங்கே திட்டம் தொடங்க, அவங்க பட்டியலில் உள்ள நாட்டில் வங்கிக் கணக்கு வேணும். இந்தியா அதில் இல்லை. சிங்கப்பூர் மச்சான் பெயரில் தொடங்கலாம்தான், வரிக் கணக்கும் அவர் தலையில் விழும். மிலாப், கெட்டோ பக்கம் போனால் பெரும்பாலும் மருத்துவ உதவிக் கோரிக்கைகள். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பக்கத்தில் என் புத்தகத்தை வைக்க எனக்கே கூச்சமா இருந்தது.

இன்னொண்ணு. எனக்குப் பணம் கொடுத்த 43 பேரில் தளம் கூட்டி வந்தவங்க ரெண்டே பேர். மத்தவங்க எல்லாம் தெரிஞ்சவங்க. 1976-ல் வந்த ‘மந்தன்’ படத்துக்கு குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தாங்க. அவங்க ஏற்கனவே கூட்டுறவுச் சங்கத்தில் ஒண்ணா இருந்தவங்க. நம்ம உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். கையொப்பம்னா, புத்தகம் வந்தால் வாங்கிக்கிறேன்னு ஒரு வாக்கு. பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டமும் அதோட பேரன்தான்.

இந்த முறை தளமே வேண்டாம்னு ஒரு நோட்டு போட்டிருக்கேன். விலை 400. 200 பெயர் சேர்ந்த பிறகுதான் யுபிஐ எண் அனுப்புவேன், அதுவும் இதுக்குன்னே திறந்த தனிக் கணக்குக்கு. சேரலைன்னா யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. பாதிப் பேர் மலையிலேயே இருக்காங்க, தபால் செலவும் மிச்சம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவங்க நன்கொடையா அனுப்பக் கேட்டால், ஆடிட்டரைக் கேட்காம வாங்காதீங்க.

பழைய பணத்தைக் கடன் வாங்கித் திருப்பிட்டேன். அந்த அக்கா மட்டும் வாங்கலை, “புக்காவே குடு”ன்னுட்டாங்க. நோட்டில் முதல் பெயர் அவங்களோடது. நேத்து வரைக்கும் 164.