பெயர் கேட்காத பாதை

(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர் என்றுதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். சீனி வருத்தம் இடையில் கொஞ்சம் வரும். ஆனால் நான் பேச வந்தது வேறொன்று. வழியில் தங்கி வழியிலேயே சமைத்துச் சாப்பிடும் வேளையில், முன்பின் தெரியாதவர் ஒருவருக்கொருவர் காட்டும் அன்பைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒவ்வொரு விடுமுறைக்கும் குடும்பத்தோடு கூடாரம் அடிக்கப் போவாள். ஒருநாள் இரவு மழையில் கூடாரம் சரிந்துவிட்டதாம். பக்கத்தில் கரவன் வண்டியில் தங்கியிருந்த வயதான தம்பதியர் எழும்பி வந்து, பிள்ளைகளை உள்ளே எடுத்து, துவாயும் சுடுதண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். "பேர் கூடக் கேட்கல்ல புள்ள" என்று தொலைபேசியில் சொல்லி வியந்தாள்.

நமக்கு முகாம் என்ற சொல்லைக் கேட்டால் விடுமுறை நினைவுக்கு வராது. 1990 ஆம் ஆண்டு வன்செயலில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர்விட்டு ஊர் ஓடியபோது நான் சிறுமி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது மருத்துவ மாணவி. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான். அன்று பாடசாலைகள் எல்லாம் முகாம்களாயின. முதலில் வந்த சோற்றுப் பொதிகளில் பல, உள்பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவை. அவற்றைக் கட்டிய கைகளின் பெயர் நமக்கு இன்றும் தெரியாது.

துன்பம் வரும்போது மட்டுமா இப்படி? இல்லை. எந்தத் துன்பமும் இல்லாமல், ஆண்டுதோறும் இதைப் பயிற்சி செய்யும் ஒரு பாதை நம் வாசலாலேயே போகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடந்து வருகிறார்கள். 1983 இன் பின் தடைப்பட்ட இந்த நடை 1988 இல் சிறு குழுவொன்றால் மீண்டும் தொடங்கப்பட்டது. போர் முடிந்தபின் கூட்டம் பெருகிவிட்டது.

அவர்கள் நடக்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று பாய் பின்னியதுபோல் மாறி மாறி வரும். தாகம் ஊர் பார்த்து எடுப்பதில்லை. பாங்கு கேட்கும் ஊரிலும் மணியோசை கேட்கும் ஊரிலும் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். போய்ச் சேரும் கதிர்காமத்திலும் கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. திருவிழாத் தொடக்கத்தில் அங்கும் கொடி ஏறுகிறது.

கோமாரி, பொத்துவில்லுக்கு வடக்கே இருக்கும் சிறிய தமிழ்க் கிராமம். அங்கே வரும்போது அடியார்களின் கால்கள் பாதி தேய்ந்திருக்கும். முன்னால் இன்னும் பொத்துவில், பாணமை, உகந்தை மலை; அதன்பின் குமண, யால காட்டுவழி. மரநிழலில் சேலையைக் கட்டி மறைப்பார்கள், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். அந்த வீதியோரத்தில் சில வருடங்கள் கால்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். யாத்திரையில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவது "சாமி" என்றுதான். முக்காடு போட்ட நான் அவர்களுக்கு "டொக்டர் சாமி". முதல்நாள் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாளே பழகிவிட்டது.

ஒரு வருடம், யாழ்ப்பாணப் பக்கத்து அம்மா ஒருவர். எழுபது வயதிருக்கும். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். தலையில் ஒரு மூட்டை. வீதியால் போன முச்சக்கரவண்டிக்காரத் தம்பி, பொத்துவில் பிள்ளை, நிறுத்தி, "ஏறுங்கம்மா, காசு வேணாம்" என்றார். அம்மா மறுத்துவிட்டார். "நேர்த்தி தம்பி. நான் நடந்துதான் போவன்."

வேறொருவராக இருந்தால் "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று கோபித்துக்கொண்டு போயிருப்பார். இந்தத் தம்பி கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்ப நடக்கிறத நீங்க நடங்க. சுமைய நான் கொண்டு போறன். பொத்துவில் கோயிலடில வெச்சிட்டுப் போவன்."

அந்த அம்மா முன்பின் தெரியாதவரிடம், தன்னிடமிருந்த எல்லாவற்றையும் கட்டிய மூட்டையைக் கொடுத்தார். சில நாட்களுக்குப் பின் உகந்தையில் மருத்துவ முகாமில் அவரை மீண்டும் கண்டேன். மூட்டை பக்கத்தில் இருந்தது. "வைச்ச இடத்தில இருந்தது சாமி. மேல ஒரு தண்ணிப் போத்தலும் இருந்தது" என்றார். பிறகு மூட்டையை அவிழ்த்துப் பனங்கட்டித் துண்டொன்றை எடுத்து என் கையில் வைத்தார். வழி முழுவதும் தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ள அவர் வைத்திருந்தது அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்தச் சிறு சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, "இந்த வயதில் ஏன் இப்படி நடக்கிறீர்கள்" என்று புத்தி சொல்லவில்லை. தான் கொடுக்க நினைத்ததை வற்புறுத்தாமல், அவருக்கு எது தேவை என்று கேட்டறிந்து கொடுத்தார். அம்மாவோ வாங்குவதற்குக் கூச்சப்படவில்லை, நம்பி வாங்கினார். கொடுக்கிறவர் கை மட்டும் மேலே இருந்தால் அது தருமமாகலாம், உறவாகாது. பனங்கட்டியை வாங்கியபோதுதான் நானும் அந்தப் பாதையில் ஒரு ஆளானேன்.

நமது மார்க்கத்தில் ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். தன் ஊரில் செல்வந்தராக இருந்தாலும் வழியில் அவர் தேவையுள்ளவர்தான். சைவ மக்கள் வழியோரத்தில் மடம் கட்டினார்கள், தண்ணீர்ப்பந்தல் வைத்தார்கள். இரண்டும் சொல்வது ஒன்றுதான். வழியில் நிற்பவரின் தேவையைக் கேள், பெயரைக் கேட்காதே.

தேவையைக் கேட்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு வைத்தியராக ஓர் உதாரணம் சொல்கிறேன். தாகசாந்தி என்று நாம் அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் சீனி கரைத்த சர்பத்தும் சோடாவும். வரும் அடியார்களில் பலருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சிலர் விரதமென்று சாப்பாட்டைக் குறைத்து, மாத்திரையை வழமைபோல் போட்டு, நடுவழியில் சீனி இறங்கி மயங்குகிறார்கள். அவர்களுக்கு அந்த நேரம் சீனித்தண்ணீர்தான் உயிர். வேறு சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அதே சர்பத் கேடு. ஆகவே குவளையை நீட்டுமுன் ஒரு கேள்வி: "சீனி வருத்தம் இருக்கா? மாத்திரை போட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

நீண்டநாள் சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறையும். தார் வீதி சுடுவது தெரியாது. அவர்கள் பாதத்தைக் குனிந்து பார்ப்பதே பெரிய உதவி. கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி. அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீரைப் பிளாஸ்டிக் போத்தலில் கொடுப்பதைவிட, அவர்கள் கொண்டுவரும் பாத்திரத்தில் நிரப்பிக் கொடுங்கள். வெற்றுப் போத்தல் போய்ச் சேருவது யானையும் மானும் திரியும் காட்டில்.

சகோதரிகளே, இனி மனதில் உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு வெறும் அழகான பேச்சாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்குத் தண்ணீர் கொடுக்க நமக்குச் சிரமமில்லை. அவர் நாளை போய்விடுவார். நமக்குச் சிரமம் பக்கத்து ஊர்க்காரரோடுதான். எல்லை எங்கே, பிரதேச செயலகம் யாருக்கு, காணி யாருடையது என்று கல்முனையில் வருடக்கணக்காகப் பேசுகிறோம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்பின், நெடுநாள் பழகிய கடைக்கும் போகாமல் விட்டவர்கள் உண்டு, பேச்சை நிறுத்திய தோழிகளும் உண்டு. இரு பக்கத்திலும் நியாயமான மனக்குறைகள் இருக்கின்றன. அவை பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. ஆனால் அந்நியரிடம் கேட்காத பெயரை அயலவரிடம் மட்டும் முதலில் கேட்கிறோமே, அது ஏன்?

இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். என் உம்மா கட்டித் தந்த சோற்றைத் தோழியும், அவள் அம்மா கட்டித் தந்த இடியப்பத்தை நானும் சாப்பிட்டு வளர்ந்தோம். அன்று யாரும் வேறு எதையும் கேட்கவில்லை, "பசிக்குதா?" என்று மட்டும்தான் கேட்டோம்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுங்கள், நல்லது. அதோடு வருடத்தில் ஒரு வாரம், யாத்திரைக் காலத்தில், வீதியோரத்தில் ஒரு சிறிய நிலையம் போடுவோம். சுத்தமான தண்ணீர், கால் கழுவ ஓர் இடம், சீனி பார்க்கும் கருவி, இரண்டு பன்பாய். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையுமாக இருவர் இருவராய் அங்கே நிற்கட்டும். வைத்தியராக நான் வருகிறேன். வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் பணம் அனுப்பினால் வாங்குவோம்; விடுமுறையில் வந்து ஒருநாள் நின்றால் இன்னும் மகிழ்வோம்.

அங்கே வருபவருக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிய இரண்டு பிள்ளைகள், மீதி ஐம்பத்தொரு வாரமும் அயலவர்களாக இருக்கப் பழகிக்கொள்வார்கள்.